ஆஸ்துமா வைவாவுக்கு மூச்சுக்குழாயின் சுவரிலிருந்து படியுங்கள்

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியானாலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் நர்சிங், பார்மசி கல்லூரிகளானாலும், நுரையீரல் அமைப்பு ஒரு நோட்டிலும் ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து மூச்சை அளக்கும் சோதனை) இன்னொன்றிலும் சால்பியூட்டமால் என்ற இளைப்பு மருந்து மூன்றாவதிலும் கிடக்கும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேள்வி அப்படிப் பிரிந்து வராது. "எஃப்இவி1 (வேகமாக ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்று) ஏன் குறைந்தது?" என்று தொடங்கி, "அப்போ என்ன மருந்து, ஏன்?" என்று போகும். மூன்றையும் இணைப்பது மூச்சுக்குழாயின் சுவர்தான். அதைப் பிடித்துக்கொண்டு படித்தால் மனப்பாடம் பாதியாகக் குறையும்.

லோப் (நுரையீரல் மடல்) கணக்கில் நேரம் போக்காதீர்கள். வலது 3, இடது 2, இடதில் லிங்குலா என்ற நாக்கு போன்ற பகுதி. வலது பிரதான பிராங்கஸ் (பெரிய மூச்சுக்குழாய்) சுமார் 2.5 செ.மீ., அகலமானது, நேராக இறங்குவது. அதனால்தான் மூச்சுக்குழாய்க்குள் தவறிப்போன பொருள் பெரும்பாலும் வலப்பக்கம் போகிறது. இடது சுமார் 5 செ.மீ. இவ்வளவு போதும். மீதி நேரத்தைச் சுவருக்குக் கொடுங்கள். பிராங்கஸில் குருத்தெலும்பு உண்டு, பிராங்கியோல் என்ற சின்னக் கிளைக்குழாயில் கிடையாது. அங்கே மென்தசை சுருங்கினால் எதிர்த்து நிற்க எதுவும் இல்லை. குழாயின் ஆரம் பாதியானால் காற்றுக்குத் தடை 16 மடங்கு. ஆஸ்துமாவில் நடப்பவை மூன்று: தசை சுருங்குகிறது, உட்சவ்வு வீங்குகிறது, சளி அடைக்கிறது. இந்த மூன்றையும் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு மருந்துப் பகுதிக்கு வாருங்கள்.

அதற்கு முன் ஸ்பைரோமெட்ரி. மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். கருவியை 3 லிட்டர் சிரிஞ்சால் சரிபார்த்து, நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, மூக்குக் கிளிப் போட்டு, உதடுகள் குழாயை இறுக மூடச் செய்யுங்கள். "பாட்டா, நெஞ்சு நிறைய இழுங்க... ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!" என்று குரலை உயர்த்திச் சொல்லவேண்டும், மெல்லிய குரலுக்கு மெல்லிய ஊதல்தான் வரும். தயங்கித் தொடங்கினால் எஃப்இவி1 தவறாகும். முதல் நொடியில் இருமினால் அந்த ஊதலைக் கணக்கில் எடுக்கக்கூடாது. சீக்கிரம் நிறுத்தினால் எஃப்விசி (முழுக்க ஊதித் தள்ளும் மொத்தக் காற்று) குறைந்து, எஃப்இவி1/எஃப்விசி விகிதம் பொய்யாக உயர்ந்து, அடைப்பு மறைந்துபோகும். ஏற்கத்தக்க 3 ஊதல்கள் வேண்டும். சிறந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 150 மி.லி.க்குள் இருக்கவேண்டும். எட்டுக்கு மேல் ஊதவைத்து ஆளைக் களைப்பாக்காதீர்கள்.

பிறகு சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம், அதாவது 100 வீதம் 4 பஃப், கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதவையுங்கள். அடைப்பு மருந்தால் விலகுகிறது என்று சொல்ல, எஃப்இவி1 12 சதவீதமும் 200 மி.லி.யும், இரண்டும் சேர்ந்து உயரவேண்டும். 1.00 லிட்டர் 1.15 ஆனால் 15 சதவீதம் கூடியிருக்கிறது, ஆனால் 150 மி.லி.தான், தேறாது. 1.60 என்பது 1.90 ஆனால் தேறும். 2021 ஐரோப்பிய, அமெரிக்க மூச்சுநோய்ச் சங்கங்களின் வரையறை, எதிர்பார்க்கப்படும் அளவில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்வதைக் கேட்கிறது. எந்த வரையறைப்படி சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: இளைப்பு இல்லாத நாளில் ஆஸ்துமாக்காரருக்கு ஸ்பைரோமெட்ரி முழுக்க இயல்பாக இருக்கலாம். "இயல்பு, ஆகவே ஆஸ்துமா இல்லை" என்ற பதில் தவறு.

இப்போது தாளின் ஓரத்தில் எழுதிய அந்த மூன்றுக்கு வாருங்கள். சால்பியூட்டமால் பீட்டா-2 ஏற்பி வழியாகத் தசையைத் தளர்த்துகிறது. சில நிமிடங்களில் தொடங்கி 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். கை நடுக்கம், படபடப்பு, பொட்டாசியம் குறைவு ஆகியவை பக்கவிளைவுகள். வீக்கத்தை அது தொடுவதில்லை. அதற்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு வேண்டும். அதனால்தான் 2019 முதல் ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டி, சால்பியூட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்கவேண்டாம் என்கிறது. நீண்ட நேரம் நிற்கும் பீட்டா-2 மருந்துகளில் ஃபார்மோடெரால் விரைவாக வேலை செய்வதால் பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டுடன் சேர்த்து நிவாரணியாகவும் பயன்படும்; சால்மெடெரால் மெதுவாகத் தொடங்குவதால் அதற்கு உதவாது. இவை இரண்டில் எதையும் ஸ்டீராய்டு இல்லாமல் தனியாக ஆஸ்துமாவுக்குக் கொடுக்கக்கூடாது. இதைத் தேர்வாளர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கருவியைக் கையில் கொடுத்து "செய்து காட்டு" என்பார்கள். பஃப் இன்ஹேலர் என்றால் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, 10 நொடி பிடித்துவைக்கவேண்டும். பவுடர் கருவி என்றால் நேர்மாறு: குலுக்கக்கூடாது, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்கவேண்டும், கருவிக்குள் ஊதக்கூடாது. கேப்சூலை மாத்திரைபோல விழுங்குபவர்கள் உண்டு. ஒவ்வொரு நோயாளியிடமும் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்று பவுடரைக் கட்டியாக்கும்; கேப்சூலை உபயோகிக்கும்போது மட்டும் உறையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் வாயில் பூஞ்சை படரலாம். ஸ்பேசரை (பஃப் இன்ஹேலரோடு பொருத்தும் குடுவை) சோப்புநீரில் கழுவித் துடைக்காமல் காயவிடவேண்டும். துடைத்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

கேஸ் எடுக்கும்போது தொழிலைக் கேட்க மறக்காதீர்கள். அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வறுக்கும் புகை, கதம்பல் தும்பு (தேங்காய் நார்த் தூசு), ரப்பர் ஷீட்டுக்குப் போடும் புகை எல்லாம் இந்த மாவட்டத்து மூச்சுக்குழாய்கள் தினமும் சந்திப்பவை. "லீவு நாளில் இளைப்பு குறையுதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆம் என்றால் பீக் ஃப்ளோ மீட்டரில் (ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவி) ஒவ்வொரு முறையும் 3 தடவை ஊதவைத்து அதிகபட்சத்தை எடுத்து, வேலை நாட்களையும் விடுமுறை நாட்களையும் தனித்தனியாகக் குறித்துவரச் சொல்லுங்கள்.