ஆள் பிடித்து ஆல்பம் தேடுவது: இதுவரை

யூடியூப் தானாக நீட்டுவதை எல்லாம் கேட்பதில்லை என்று முடிவு செய்து, ஆள் பிடித்து ஆல்பம் தேட ஆரம்பித்தேன். பிடித்துப்போன ஆல்பத்தில் டிரம்ஸ் யார், தயாரித்தது யார் என்று பார்ப்பது, அந்த ஆள் வேறு எதில் இருக்கிறார் என்று போவது. எடுத்ததைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

முதலில் ஜெர்மன்காரர் கிளாஸ் ஷுல்ட்சே. 1970-ல் வந்த, டேஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மன் குழுவின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் அவர்தான். அடுத்த வருடம் ஆஷ் ரா டெம்பெல் குழுவின் முதல் ஆல்பத்திலும் அவரே. அந்த இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படி. ‘அம்போஸ்’ 19 நிமிடத்துக்கு மேல். அம்பாசமுத்திரத்தில் பஸ் கிளம்பும்போது போட்டால் வீரவநல்லூர் பக்கம் வரும்வரை ஓடும். தொடக்கத்தில் ஒன்றும் நடக்காது. மானுவல் கோட்ஷிங்கின் கிதாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று விரட்டத் தொடங்கிய பிறகு வேறு நினைப்பே வராது. ஸ்பேஸ் ராக், அதாவது விண்வெளியில் மிதப்பது போன்ற நீண்ட ராக் இசை என்றால், ஹாக்விண்ட் என்ற இங்கிலாந்துக் குழுவோடு நின்றுவிடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். மறுபக்கம் பஸ்ஸுக்கு ஆகாது, இன்ஜின் சத்தத்தில் பாதி கரைந்துவிடும். அது ராத்திரி ஹெட்போனுக்கு.

மெட்டலில் மனில்லா ரோடு என்ற குழு. அமெரிக்காவின் கான்சாஸ்காரர்கள். 1980-ல் வந்த ‘இன்வேஷன்’ ஆல்பத்தில் ஸ்பேஸ் ராக் வாடை நன்றாகவே வீசும். 1983-ன் ‘கிரிஸ்டல் லாஜிக்’கில் முழு மெட்டல். குழுவின் பாடகரும் கிதார்காரருமான மார்க் ஷெல்டன் மூக்கால் பாடுகிறார், பதிவும் மெல்லிசுதான். ஆனால் கிதார் வேலைக்காக இதெல்லாம் பொறுக்கலாம்.

மனசு நின்றது ப்ளூஸில். ராபர்ட் பாமர் என்று ஒருவர், அதே பெயருள்ள பாடகர் அல்ல, இசை பற்றி எழுதியவர். ஜூனியர் கிம்ப்ரோவின் ‘ஆல் நைட் லாங்’ (1992), ஆர். எல். பர்ன்சைடின் ‘டூ பேட் ஜிம்’ (1994) இரண்டும் அவர் தயாரிப்பு. வடக்கு மிசிசிப்பி மேட்டு நிலத்து ப்ளூஸ் இது. 12 தாளக் கட்டத்துக்குள் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாறி மாறி வரும், ப்ளூஸின் வழக்கமான 12 பார் கணக்கைப் பெரும்பாலும் இங்கே தேட வேண்டாம். கிம்ப்ரோ ஒரே சுருதியில் நின்று ஒரே கிதார் வரியைத் திருப்பித் திருப்பி வாசிக்க, குரல் மட்டும் அதன்மேல் அலைகிறது. சுடலை கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமில்லை. அங்கேயும் வீசுகோலும் குடமும் ஒரே ஓட்டத்தில் போக, கதைதான் நகரும். சலிப்பு என்ற பேச்சே கிடையாது, சாமி வரும் நேரம் தாளம் ஏறுவது உடம்புக்கே தெரியும்.

அந்த வட்டாரத்தையே தோண்டியதில் கிடைத்தவர் ஓதா டர்னர். தானே மூங்கில் வெட்டிச் செய்த குழல், கூடவே கொட்டு. வருடா வருடம் தன் இடத்தில் கிடா சமைத்து, ஊரைக் கூட்டி, ராத்திரி முழுக்க வாசித்தவர். 90 வயதை ஒட்டி, 1998-ல்தான் ‘எவ்ரிபடி ஹாலரின் கோட்’ வந்தது. மகுடம் என்ற பறை அடித்து ஆடும் கணியான் கூத்து என்றால் எவ்வளவு தூரமும் போகிற சித்தப்பாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ஏல, மகுடம் மாதிரில்லா அடிக்கானுவ. எந்த ஊருக்காரனுவ?” என்றார். சொன்னதும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

அடுத்து எடுத்து வைத்திருப்பது ஜெசி மே ஹெம்பில், ‘ஷீ வுல்ஃப்’, 1981. அதே வட்டாரம். இதே குழல்-கொட்டுக் குழுக்களில் டிரம்ஸ் அடித்துவிட்டுக் கிதாருக்கு வந்தவர். இதைச் சித்தப்பாவோடு உட்கார்ந்தே கேட்கப் போகிறேன்.