நல்ல தண்ணீரில் எல்லாக் கருவியும் சைபர்தான்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் நான் வளர்க்கும் டார்ச் பவளத்தைத் தண்ணீருக்கு வெளியே தூக்கியதும் அழுகிய இறால் நாற்றம் அடித்தது. நான்கு தலைகளில் ஒன்றின் மேல் பழுப்புக் கஞ்சி போல ஏதோ பிசுபிசுவென்று படிந்திருந்தது. முன்பு பொன்னிறமாக ஆடிக்கொண்டிருந்த, இரை பிடிக்கும் விரல்களில் ஒன்றைக்கூடக் காணோம். மற்ற மூன்று தலைகளும் சதையை உள்ளே இழுத்துக்கொண்டு, விளிம்பில் வெள்ளை எலும்பு தெரியச் சுருங்கிக் கிடந்தன. காலை ஆறரை மணி. சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டின் சமையலறை வாசலில் என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு கேள்விதான் என்பது இருபது வருடத் திருமணத்தில் எனக்குத் தெரியும்.

அந்தக் கஞ்சிக்கு மீன்தொட்டிக்காரர்கள் பிரவுன் ஜெல்லி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பவளம் நொந்துபோயிருக்கும் நேரம் பார்த்து வந்து சதையைத் தின்னும் நுண்ணுயிர்க் கூட்டம் அது. மிக வேகமாகப் பரவும். பவளம் வெளுத்துப்போவது வேறு. வெளுத்த பவளத்தில் உள்ளே குடியிருந்து உணவு தயாரித்துத் தரும் பாசி வெளியேறிவிடும், சதை மட்டும் கண்ணாடி போல மிஞ்சும். சதை இருந்தால் பாசி திரும்பி வர வழியிருக்கிறது. பிரவுன் ஜெல்லியில் சதையே போய்விடுகிறது.

டார்ச்சில் ஒரு வசதி, ஒவ்வொரு தலைக்கும் தனித் தண்டு உண்டு. நோயுற்ற தலையை வெட்டி எறிந்தால் மற்றவை பிழைக்கலாம். ஒரு வாளித் தொட்டித்தண்ணீரில் அதைக் கிடத்தி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் கஞ்சியை உறிஞ்சி எடுத்தேன். பிறகு எலும்பு வெட்டும் இடுக்கியைத் தண்டின் அடியில் வைத்து அழுத்தினேன். தேங்காய்ச் சில்லு உடைவது போல டக்கென்று ஒரு சத்தம். மூன்று தலைகளை அயோடின் கரைசலில் பத்து நிமிடம் முக்கி, வேறு தண்ணீரில் அலசித் திரும்ப வைத்தேன். அந்த வாளித் தண்ணீரை மறந்தும் தொட்டியில் ஊற்றக் கூடாது. கழிப்பறையில் கொட்டிவிட்டு வேலைக்கு ஓடினேன்.

இது முதலுதவிதான். பவளம் ஏன் நொந்துபோனது என்பது தெரிந்தால்தானே மற்ற மூன்றைக் காப்பாற்ற முடியும்?

ஆறு வாரமாக அது சரியாக விரியவில்லை. நான் சும்மா இருந்தேனா என்றால், அதுதான் இல்லை. வெளிச்சம் அதிகம் என்று கீழே இறக்கினேன். நீரோட்டம் குறைவு என்று பம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு நீரோட்டம் அதிகமோ என்று மூலைக்கு மாற்றினேன். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரமின் இருக்கிறது. அதைச் சந்தேகித்து ஆர்.ஓ. வடிகட்டியின் கார்பனையும் மாற்றினேன். கடைக்காரர் ஒரு புட்டி மருந்தைத் தலையில் கட்டினார், அதையும் ஊற்றினேன். சோதனை முடிவுகளோ பாடப்புத்தகம் போல இருந்தன: வெப்பம் 26 டிகிரி, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06, காரத்தன்மை 8.3, உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. கால்சியம் மட்டும் 470, மக்னீசியம் 1490. கொஞ்சம் கூடுதல்தான். இந்த உப்பு பிராண்டில் சத்து அதிகம் போலிருக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு எண்களிலும் விடை எழுதியிருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

படித்தவர் என் அப்பா. அவர் தூத்துக்குடி உப்பளத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் புலம்பியபோது அவர் மீனைப் பற்றியோ பவளத்தைப் பற்றியோ கேட்கவில்லை.

"தினம் எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது?"

"ஃபேன் போட்டிருக்கிறேன் அப்பா, நாலு லிட்டர் போகும். அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிவிடுவேன்."

"உப்பை எதில் பார்க்கிறாய்?"

ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலக் கோடு 35-ல் நிற்கும்.

"அதை எதில் வைத்துச் சரிபார்த்தாய்?"

"ஆர்.ஓ. தண்ணீரில். சரியாகச் சைபர் காட்டுகிறது."

அப்பா சிரித்தார். "நல்ல தண்ணீரில் எல்லாக் கருவியும் சைபர்தான் காட்டும் அம்மா. உப்புநீரின் அடர்த்தி பார்க்கும் பாமே மீட்டரை நாங்கள் நல்ல தண்ணீரில் வைத்தா நம்பினோம்? 24 டிகிரி வந்தால் பாத்தியில் விட வேண்டும். 24-ல் அது ஒழுங்காக நிற்கிறதா என்றுதான் பார்ப்போம். நீ எந்த இடத்தில் அளக்கிறாயோ அந்த இடத்தில் சரிபார்."

கடையில் இதற்கென்றே 35 அளவுக் கரைசல் விற்கிறார்கள். இரவு பத்து மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? வீட்டிலேயே செய்யும் வழி ஒன்று உண்டு. 36.5 கிராம் சாப்பாட்டு உப்பை 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால், ஒளியை வளைப்பதில் அது 35 அளவு கடல்நீருக்குச் சமம். இங்குள்ள தேக்கா சந்தையில் வாங்கிய பொடியுப்பை மாவு நிறுக்கும் தராசில் நிறுத்துப் போட்டேன். உறையில் தூத்துக்குடி என்று அச்சடித்திருந்தது.

கோடு 31-ல் நின்றது.

துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 31-தான். அப்படியானால் கருவி 35 என்று சொன்ன என் தொட்டி உண்மையில் 39. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் 'உப்பு குறைகிறதே' என்று நான்தான் அள்ளிப் போட்டிருக்கிறேன். 420 இருக்க வேண்டிய கால்சியத்தை 35-க்கு 39 என்று பெருக்கிப் பாருங்கள், 468 வரும். சோதனைக் குழாய் வாரா வாரம் கத்தியதை நான் பிராண்டின் பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரே நாளில் இறக்கிவிடக் கை துறுதுறுத்தது. அப்படிச் செய்தால் மிச்சமிருந்ததும் போயிருக்கும். என் தொட்டியும் அடித்தொட்டியும் சேர்ந்து 180 லிட்டர். நாளுக்கு அரைப் புள்ளி என்று வைத்துக்கொண்டேன். 2.3 லிட்டர் உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எட்டு நாளில் 35 வந்தது. அந்த எட்டு நாளும் வேறு எதையும் தொடவில்லை. பவளத்தை நகர்த்தவில்லை, மருந்து ஊற்றவில்லை. எனக்கு அது பத்தியச் சாப்பாடு மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள் நடுத்தலையிலிருந்து நான்கைந்து விரல்கள், அரிசி நீளத்துக்கு, வெளியே வந்தன. இரண்டாம் வாரம் உறைந்த ஆர்ட்டீமியாவை, அதாவது உப்புநீரில் வாழும் குட்டி இறால் வகையை, கரைத்து மெதுவாக மேலே விட்டேன். ஒரு விரல் வளைந்து அதைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது. அப்பாவிடம் படம் காட்டினேன். "இந்தப் பூச்சியா? இது நம் உப்பளத்திலேயே கிடக்குமே, காசு கொடுத்தா வாங்குகிறாய்?" என்றார்.

வெட்டிய தலையின் எலும்பைக் கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறேன். அதைக் காட்டியபோது மட்டும் அப்பா சற்று நேரம் பேசவில்லை. அவருடைய இளம் வயதில் மன்னார் வளைகுடாவிலிருந்து இதே முருகைக்கல்லைத் தோணி தோணியாக வெட்டிவந்து சுண்ணாம்புக்குக் கொடுத்தார்கள். அப்படி வெட்டியதில் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. 2001-ல் கடினப் பவளங்கள் எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. ஊரில் இருந்திருந்தால் இதை வீட்டில் வைத்திருக்கவே முடியாது. இங்கே உரிய தாள்களோடு கடைக்கு வருகிறது. அது சரிதானா என்று அப்பா கேட்கவில்லை. நான்தான் சில நாள் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது பதினொரு வாரம். இரண்டு தலைகள் முழுதாக விரிகின்றன. மூன்றாவது இன்னும் பாதிதான். அதன் ஒரு பக்க விளிம்பில் எலும்பு தெரிகிறது, அங்கே பச்சைப்பாசி பிடித்துவிட்டது. நடுத்தலையின் தண்டில் கடுகளவு ஒரு முளை கிளம்பியிருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்தால் அதற்கும் வாய் தெரிகிறது. உப்புக் கரைசல் குளிர்சாதனப் பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. 'குடிக்காதே' என்று கணவர் எழுதி ஒட்டியிருக்கிறார்.