கொத்துனா சந்தோஷம்

நாய்க்கு ஊசி போடணும்னா மொதல்ல வாயைக் கட்டணும். சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு கால்நடை டாக்டர்கிட்ட உதவியாளா சேந்து பதினோரு வருஷம் ஆச்சு, அங்க நான் கத்துக்கிட்ட மொத வேலையே அதுதான், பேண்டேஜ் துணிய சுருக்குப் போட்டு மூஞ்சில மாட்டி காதுக்குப் பின்னாடி முடிச்சுப் போட்டுருவேன், எந்த நாயா இருந்தாலும் அஞ்சு செகண்டு. அந்தத் திமிருலதான் கோடியக்கரையில போன மொத நாளே ஒரு நீர்க்காகத்தைக் கொல்லப் பாத்தேன்.

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சுதே, அதுக்கு அடுத்த மாசம். எங்க டாக்டருக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் அடிபட்ட பறவைங்களப் பாத்துக்க ஆள் பத்தல, பையனை ரெண்டு மாசம் அனுப்புங்கன்னு கேட்டாரு. எனக்கும் கடல் பாத்த மாதிரி இருக்கும்னு பஸ் ஏறிட்டேன், நமக்குத் தண்ணின்னா மூக்கனேரி, மிஞ்சிப் போனா மேட்டூர் டேம். வேதாரண்யம்னதும் ஸ்கூல் பாடம்தான் ஞாபகம் வந்துச்சு, நம்ம சேலத்துல வக்கீலா இருந்த ராஜாஜி 1930ல உப்பு எடுக்கப் போன ஊரு. இன்னமும் உப்பளம்தான், வெள்ளை வெளேர்னு கண்ணு கூசும். அங்கேருந்து கொஞ்ச தூரத்துல கோடியக்கரை, 1967லயே சரணாலயம் ஆன இடம், வெளிமான், பூநாரை எல்லாம் பாக்க ஜனங்க போவாங்க. நான் போனப்ப காட்டுல பாதி மரம் முறிஞ்சு கெடந்துச்சு. வடக்கேருந்து வலசை வர்ற பறவைங்க வந்து எறங்குற நேரம் பாத்து புயல் அடிச்சிருக்குது.

ஒரு கொட்டகை, நாலஞ்சு வலைக்கூண்டு, அட்டைப்பெட்டிங்க, அவ்ளோதான் எங்க ஆஸ்பத்திரி. மொத கேஸே நீர்க்காகம், றெக்கையில மீன் வலை நரம்பு இறுகி வெட்டியிருந்துச்சு. கையில எடுத்ததும் கட்டை வெரல்ல போட்டுச்சு பாருங்க ஒண்ணு, அதுக்கு அலகு நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், ரத்தம் கொட்டுது. நம்மகிட்டயேவான்னு பிளாஸ்டரை எடுத்து அலகைச் சேத்துச் சுத்திட்டேன். அரை நிமிஷம் இருக்கும், அது ஒடம்பே தூக்கித் தூக்கிப் போடுது. அங்க பல வருஷமா வேலை செய்யற பெரியவர் ஒருத்தர் ஓடியாந்து என் கையத் தட்டிவுட்டு பிளாஸ்டரைப் பிச்சு எறிஞ்சாரு. "ஏம்ப்பா, அதுக்கு மூக்குல ஓட்டை இருக்கான்னு பாத்தியா?"ன்னாரு. பாத்தேன். இல்ல. நீர்க்காகம் தண்ணிக்குள்ள முங்கி மீன் புடிக்கிற ஜாதி, வெளி மூக்குத் துளையே அடைஞ்சிருக்கும், வாயாலதான் மூச்சு விடும். நாய்க்குப் போடுற கட்டை அதுக்குப் போட்டா கழுத்த நெறிக்கிறதும் அதுவும் ஒண்ணுதான்.

சரி அது பொழைச்சுது. பொழைக்காததைத்தான் என்னால மறக்க முடியல. ஒரு வாரம் கழிச்சு ஒரு உள்ளான் கொண்டாந்தாங்க, கரையோரம் ஓடித் திரியற சின்னப் பறவை, உள்ளங்கை அளவு இருக்கும், காயம்னு பெருசா ஒண்ணும் தெரியல. கொத்தல, உதறல, என் உள்ளங்கையில அப்படியே கண்ண சொருகிட்டுப் படுத்துக்கிச்சு. எனக்கு ஒரே பெருமை, பாருங்க நம்ம கை ராசி, பயமே இல்லாம தூங்குதுன்னு சொல்லி போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புனேன், தலைய தடவிக் குடுத்தேன். வீட்லேருந்து பதில் வர்றதுக்குள்ள செத்துப் போச்சு. பெரியவர் திட்டக்கூட இல்ல. "நரி வாயில மாட்டிக்கிட்டோம்னு நெனச்சிருக்கும்ப்பா, நீ தடவுனது நரி நக்குன மாதிரி இருந்துருக்கும்"னு மட்டும் சொல்லிட்டு போயிட்டாரு. அந்தக் காட்டுல நெசமாவே நரி உண்டு, ராத்திரில ஊளை விடும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தைதான் காதுல கேக்கும்.

காட்டுப் பறவை மனுஷன் கையில அமைதியா இருந்தா அது நம்பிக்கை இல்ல, அதிர்ச்சி. போராட தெம்பில்ல, அவ்ளோதான். அப்புறம் கூண்டுப் பக்கம் போனாலே மூச்சை அடக்கிக்கிட்டுதான் போவேன், சாக்குத் துணி போட்டு மூடிடுவோம், பேச்சு கெடையாது. பூநாரை மாதிரி நெட்டக்கால் பறவைன்னா இன்னும் கஷ்டம், காலை மடக்கி ரொம்ப நேரம் பெட்டியில போட்டா மரத்துப் போயி அப்புறம் நிக்கவே நிக்காது, அதனால சீக்கிரம் பாத்து சீக்கிரம் நிக்க வெக்கணும். ரெண்டு மாசத்துல நான் கத்துக்கிட்டது வைத்தியம் பாதி, பாக்காம இருக்கறது பாதி.

சேலம் வந்ததும் விஷயம் பரவிருச்சு, கிளினிக்குல ஒருத்தன் இருக்கான் குருவியெல்லாம் பாப்பான்னு. ஏற்காடு மலைப்பாதை வளைவுல வண்டியில அடிபட்ட கூகை, மூக்கனேரியில வலையில சிக்குன நீர்க்காகம், கரண்ட் கம்பியில அடிபட்ட பருந்துன்னு வர ஆரம்பிச்சுது. கூகைன்னா சாவுக்குருவின்னு தொடவே மாட்டாங்க, ஆனா மலை மேலேருந்து ஒரு ஆயா முந்தானையில சுத்தி பஸ்லயே கொண்டாந்துச்சு, "பாவம் கண்ணு, அதுக்கும் உசுருதான"ன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போயிருச்சு. ஐப்பசி பொறந்தா ஆறுமணிக் குருவி. வடக்கேருந்து வலசை வரும், ராத்திரி முழுக்கப் பறந்து களைச்சுப் போயி லைட் எரியிற கண்ணாடியில முட்டி விழும். கொண்டாரவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுவாங்க, "அண்ணா கலர் கலரா இருக்குது, வெளிநாட்டுக் குருவி, பெட் ஷாப்புலேருந்து தப்பிச்சிருக்கும்"னு. அதுக்கு பெரும்பாலும் வைத்தியமே வேணாம், செருப்பு டப்பாவுல ஓட்டை போட்டு இருட்டுல நாலு மணி நேரம் வெச்சா போதும். ஆனா யாரும் வெக்க மாட்டாங்க. இங்க் ஃபில்லர்ல பால் ஊத்திட்டுதான் கொண்டாருவாங்க. பால் அதுக்குச் செரிக்காது, அது கூடப் பரவால்ல, பறவைக்கு நாக்குக்குப் பின்னாடியே மூச்சுக்குழல் வாய் தெறந்து கெடக்கும், நாம ஊத்துற தண்ணி நேரா நுரையீரலுக்குத்தான் போகும். அன்பாலயே கொன்னுருவோம் நாம.

மருந்துலயும் அப்படித்தான். மாட்டு டாக்டர்கிட்ட வேலை செஞ்ச பழைய கைங்க வலின்னா டைக்ளோஃபெனாக்குக்குத்தான் போகும், அந்த மருந்து ஏறுன மாடு செத்தா அதைத் தின்ன பாறு கழுகுங்களை கிட்டத்தட்ட ஒழிச்சுக் கட்டுனதே அதுதான், மாட்டுக்குப் போட 2006லயே தடை வந்துருச்சு. எங்க டாக்டரம்மா பறவைக்கு மெலாக்சிகாம்தான், அதுவும் கிராம் தராசுல எடை போட்டு.

ஊருக்கே சொல்ற நான் என்ன பண்ணேன்னா, 2020 லாக்டவுன்ல ஒரு புள்ளி ஆந்தைக் குஞ்சு வந்துச்சு, பட்டுப்போன தென்னையை வெட்டுனப்ப பொந்தோட விழுந்தது. வனத்துறைக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சொல்லாம வெச்சுக்கக் கூடாது, ஆனா கொஞ்சம் தேறட்டும்னு வீட்ல வெச்சது நான்தான். எம் பொண்ணு பேரு வெச்சா. எலும்பில்லாத கோழிக்கறிய பொடிசா நறுக்கி கையாலயே ஊட்டுனேன், தோள்ல ஒக்காந்து என்கூட டிவி பாக்கும். மூணு வாரத்துல காலு ரெண்டும் வில்லு மாதிரி வளைய ஆரம்பிச்சிருச்சு. டாக்டரம்மா பாத்துட்டு, "வெறும் சதையைக் குடுத்தா சுண்ணாம்புச்சத்துக்கு அது எங்கடா போகும், எலிய எலும்போட முழுங்குற ஜென்மம்"னு கேட்டாங்க. அப்புறம் வெட்டுக்கிளி, சுண்டெலின்னு மாத்தி காலு ஓரளவுக்கு சரியாச்சு. பறக்கவும் பறந்துச்சு. மொட்டை மாடியில விட்டா நேரா பக்கத்து வீட்டக்கா தோள்ல போய் ஒக்காருது, அந்தக்கா போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. பூனை எதுக்க வந்தா அதையும் தலைய சாச்சு வேடிக்கை பாக்குது. காலை சரி பண்ண முடிஞ்சுது, பயத்தைத் திருப்பிக் குடுக்க முடியல. வனத்துறை மூலமா கடைசில ஒரு கூண்டுக்குத்தான் போச்சு. பொண்ணு நாலு நாள் என்கூட பேசல, நான் ஏன் அழுவுறேன்னு அவளுக்குப் புரியல.

அதுலேருந்து வீட்டுக்கு எதையும் கொண்டு போறதில்ல. பேரும் கெடையாது, பெட்டி மேல தேதியும் எடையும் மட்டும்தான். குஞ்சுன்னா மூஞ்சிய மறைச்சு, இடுக்கியால தீனி. போன மாசம் றெக்கை எலும்பு ஒடைஞ்ச பருந்து ஒண்ணு, எலும்பு மூணு வாரத்துல கூடிருச்சு, அப்பப்ப கட்டைப் பிரிச்சு றெக்கைய மெதுவா நீட்டி மடக்கி விடணும், இல்லன்னா அப்படியே எறுகிரும். ஒவ்வொரு தடவையும் எம் முழங்கையில நகத்தால கோடு போட்டுச்சு. கடைசி நாளு குரும்பப்பட்டித் தாண்டி மலையடிவாரத்துல, வனத்துறைக்காரங்க முன்னாடி பெட்டியத் தெறந்தோம், போற போக்குல கூட ஒரு கீறல்.

இப்பல்லாம் போன் வந்தா நான் கேக்கற மொத கேள்வி அடி எங்கன்னு இல்ல, கொத்துதான்னுதான். "ஐயோ பயங்கரமா கொத்துதுங்கண்ணா, கிட்ட போக முடியல"ன்னா பெட்டிய மூடி வெய்யிங்க வரேன்னு சொல்லிட்டு நிதானமா டீயக் குடிச்சு முடிப்பேன். நேத்து ராத்திரி பத்து மணிக்கு அஸ்தம்பட்டிலேருந்து ஒரு தம்பி கூப்ட்டான். வல்லூறு ஒண்ணு கெடக்குதுண்ணா, மடியிலதான் வெச்சிருக்கேன், ரொம்ப சாதுவா இருக்குதுன்னான். சாப்பிட்ட கையைக்கூட கழுவாம வண்டிய எடுத்தேன்.