வாரம் ஒரு வேளை, பன்னிரண்டு வாரம்: காசநோய்த் தடுப்பு மாத்திரையைக் கடைசிவரை போட்டு முடிப்பது

இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. அப்படிப்பட்டவர் கையில் ஒரே வேளைக்கு ஒன்பது மாத்திரையைக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு வாராவாரம் இதைப் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். காசநோய்த் தடுப்புச் சிகிச்சையில் பெரிய கஷ்டம் இதுதான். நோயாளியை மருந்து போட வைப்பது நோயின் வலி. இங்கே வலியே கிடையாது. அதனால் சின்னச் சின்ன விஷயங்களே சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன: ஒரு காய்ச்சல், ஒரு பயணம், சிறுநீரின் நிறம்.

உலகில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் உடம்பில் காசநோய்க் கிருமி ஏதோ ஒரு காலத்தில் நுழைந்திருக்கிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறும். அப்படி மாறுவதில் பெரும்பகுதி, தொற்று ஏற்பட்ட முதல் இரண்டு வருடத்துக்குள். ஒரே வீட்டில் காசநோயாளியோடு இருந்தவர்களைத் தேடிப் பிடித்து மாத்திரை கொடுப்பதற்குக் காரணம் இந்த இரண்டு வருடம்தான்.

முன்பெல்லாம் ஐசோனியாசிட் ஒன்றையே தினமும், 6 அல்லது 9 மாதம் போட வேண்டும். பாதிப் பேர் முடித்தாலே பெரிய விஷயம். 2011-ல் வெளிவந்த ‘பிரிவென்ட் டிபி’ ஆய்வு இதை மாற்றியது. ரிஃபாபென்டினையும் ஐசோனியாசிடையும் சேர்த்து வாரம் ஒருமுறை, 12 முறை மட்டும். இதைத்தான் சுருக்கமாக 3எச்.பி. என்கிறார்கள். ரிஃபாபென்டினின் குடும்பத்தைச் சேர்ந்த பழைய மருந்தான ரிஃபாம்பிசின் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். ரிஃபாபென்டினுக்குச் சுமார் 13 மணி நேரம் ஆகும். வாரம் ஒரு வேளை போதுமானதாக இருப்பதற்கு இந்த நீண்ட ஆயுள் ஒரு முக்கியக் காரணம். ஆய்வில் 3எச்.பி. எடுத்த 3,986 பேரில் 7 பேருக்கும், 9 மாதம் ஐசோனியாசிட் எடுத்த 3,745 பேரில் 15 பேருக்கும் காசநோய் வந்தது. முடித்தவர்கள் 82.1 சதவீதம், பழைய முறையில் 69. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புதிய மருந்தைக் கண்முன் விழுங்க வைத்தார்கள், பழைய மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். முடித்தவர் கணக்கில் மருந்தின் பங்கு எவ்வளவு, மேற்பார்வையின் பங்கு எவ்வளவு என்று அந்த எண்களை வைத்து மட்டும் பிரிக்க முடியாது.

மாத்திரை தொடங்குவதற்கு முன் ஒரு வாசல் இருக்கிறது, அதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது: இப்போது நோய் இல்லை என்று உறுதி செய்வது. தொற்று மட்டும் இருக்கும்போது உடம்பில் கிருமி மிகக் குறைவு, இரண்டு மருந்து போதும். நோயாகிவிட்டால் கோடிக்கணக்கில் இருக்கும். அங்கே வாரம் ஒரு வேளை இரண்டு மருந்து கொடுத்தால் சாகாமல் மிஞ்சுகிற கிருமி மருந்துக்கு அடங்காததாக வளரும். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கையும் கேளுங்கள், மார்பு எக்ஸ்ரே எடுங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் சளிப் பரிசோதனை முடியும்வரை மாத்திரை வேண்டாம். கழுத்தையும் அக்குளையும் தொட்டுப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகாது. நுரையீரலுக்கு வெளியே இருக்கும் காசநோய் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், நெறிகட்டி கையில் தட்டுப்படும்.

தொற்று இருக்கிறதா என்று பார்க்க மான்டூ ஊசியோ இக்ரா ரத்தப் பரிசோதனையோ செய்யலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், காசநோயாளி வீட்டிலிருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை இல்லாமலே தொடங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

மான்டூவில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. முன்கையின் உட்பக்கத்தில், தோலுக்குள்ளேயே 0.1 மி.லி. போட வேண்டும். சரியாகப் போட்டால் 6 முதல் 10 மி.மீ. அகலத்தில் வெளிறிய கொப்புளம் உடனே எழும்பும். எழும்பவில்லை என்றால் மருந்து தோலுக்கு அடியில் போய்விட்டது. வேறு இடத்தில் மறுபடி போட வேண்டும், அப்படியே விட்டுவிட்டு ‘பார்ப்போம்’ என்றால் முடிவு பயன்படாது. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். அளப்பது சிவப்பை அல்ல, தடிப்பை. பால்பாயின்ட் பேனாவைத் தடிப்புக்கு வெளியிலிருந்து மெதுவாகத் தோலோடு அழுத்தி உள்நோக்கி இழுத்து வாருங்கள். தடிப்பின் விளிம்பில் பேனா நின்றுவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதே மாதிரி. இரண்டு கோட்டு நுனிக்கும் நடுவில், கையின் குறுக்குவாக்கில், ஸ்கேல் வைத்து அளந்து மி.மீ.-ல் எழுதுங்கள். ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதி வைத்த சீட்டு அடுத்தவருக்கு உதவாது. தொற்று இருக்கிறது என்று சொல்ல, நோயாளியோடு நெருங்கிப் பழகியவருக்கு 5 மி.மீ. போதும், மற்றவர்களுக்கு ஆபத்தைப் பொறுத்து 10 அல்லது 15. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டவர்களுக்கு மான்டூ தவறாகத் தடிக்கலாம், இக்ராவை பி.சி.ஜி. பாதிப்பதில்லை.

அடுத்து, வேறு என்ன மருந்து போடுகிறீர்கள் என்ற கேள்வி. ‘ஒன்றும் இல்லை’ என்ற பதிலை நம்பாமல் மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ரிஃபாபென்டின் கல்லீரலில் மற்ற மருந்துகளை வேகமாகச் சிதைக்க வைக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினின் அளவு குறைந்து ரத்தம் உறையலாம். கருத்தடை மாத்திரையும் ஊசியும் உள்வைப்பும் நம்ப முடியாதவை ஆகிவிடும், ஆணுறை போன்ற வேறு வழி வேண்டும். சில சர்க்கரை மாத்திரைகளின் வேலை குறையும். கடைசி வேளை போட்ட பிறகும் இந்தப் பாதிப்பு ஏறக்குறைய இரண்டு வாரம் நீடிக்கும். கர்ப்பிணிகளுக்கு 3எச்.பி. தருவதில்லை. கல்லீரல் நோய், மதுப்பழக்கம், பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதம் என்றால் தொடங்கும் முன்பே கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

50 கிலோவும் அதற்கு மேலும் உள்ள பெரியவருக்கு ஒரு வேளை 900 மி.கி. ரிஃபாபென்டின், 900 மி.கி. ஐசோனியாசிட். தனித்தனி மாத்திரை என்றால் 150 மி.கி. ஆறு, 300 மி.கி. மூன்று. இரண்டையும் 300-300 ஆகச் சேர்த்த கூட்டு மாத்திரை கிடைத்தால் மூன்றே போதும். வழி இருந்தால் அதையே கேளுங்கள். ஒன்பதை எண்ணும்போது எட்டோடு நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். சாப்பாட்டோடு போடுங்கள், வெறும் வயிற்றில் ரிஃபாபென்டின் சரியாக உறிஞ்சப்படாது, குமட்டலும் அதிகம். அலுமினியம் உள்ள அமிலநீக்கி மருந்து ஐசோனியாசிடைத் தடுக்கும், அதைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஐசோனியாசிட் பி6 வைட்டமினைக் குறைத்துக் கைகால் எரிச்சல் தரும் என்பதால் சர்க்கரை நோயாளிகள், ஊட்டக்குறைவு உள்ளவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் போன்றோர் தினமும் 10 முதல் 25 மி.கி. பைரிடாக்சின் (அதே பி6) சேர்க்க வேண்டும்.

சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு நிறமாகும். இதை முதல் வேளைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மஞ்சள்காமாலை என்று பயந்து இரண்டாவது வாரமே நிறுத்திவிடுவார்கள். கான்டாக்ட் லென்ஸில் கறை படிந்தால் போகாது, அந்த மூன்று மாதமும் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு பயமுறுத்தல் மூன்றாவது, நான்காவது வேளையை ஒட்டி வரும். மாத்திரை போட்டுச் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடம்புவலி, தலைவலி. பெரும்பாலும் ஒரே நாளில் போய்விடும். ‘பிரிவென்ட் டிபி’ ஆய்வில் 3எச்.பி. எடுத்தவர்களில் 3.8 சதவீதம் பேருக்கு இந்த வகை எதிர்வினை இருந்தது. லேசாக இருந்தால் பாராசிட்டமால் கொடுத்துத் தொடரலாம். தலைசுற்றி விழுந்தாலோ, ரத்த அழுத்தம் இறங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, அடுத்த வேளை கிடையாது. மருத்துவர் வேறு முறைக்கு மாற்றுவார். மறுநாள் ஓய்வு கிடைக்கிற நாளாகப் பார்த்து மாத்திரை நாளை வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சனை தீர்ந்தது. கல்லீரல் விஷயத்தில் 3எச்.பி. பழைய முறையைவிட மென்மையானது: அதே ஆய்வில் 3எச்.பி. எடுத்தவர்களில் 0.4 சதவீதம் பேருக்கும், பழைய முறையில் 2.7 சதவீதம் பேருக்கும் மருந்தால் கல்லீரல் பாதிப்பு வந்தது. அதற்காக அசட்டை கூடாது. பசியின்மை, வாந்தி, வலப்பக்க விலா அடியில் வலி வந்தால் மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டும், அடுத்த சந்திப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ஏ.எல்.டி. என்ற நொதி, இயல்பின் உச்ச அளவைப்போல் மூன்று மடங்கு தாண்டி அறிகுறியும் இருந்தால் நிறுத்தம். அறிகுறி இல்லாவிட்டாலும் ஐந்து மடங்கில் நிறுத்தம்.

மறந்த வேளைக்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு நாளுக்குள் ஞாபகம் வந்தால் உடனே போட்டுவிட்டுப் பழைய நாளிலேயே தொடரலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் உடனே போட்டு, அந்த நாளையே புதிய மாத்திரை நாளாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் இரண்டு வேளை ஒருபோதும் கிடையாது. ஒன்று முதல் மூன்று வேளை தவறினால் கடைசியில் சேர்த்து, 16 வாரத்துக்குள் பன்னிரண்டையும் முடிக்கலாம். நான்கு தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

செல்போனில் நினைவூட்டுச் செய்தி அனுப்பினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு 3எச்.பி. எடுக்கும் முறைகளை ஒப்பிட்ட ‘ஐஅட்ஹியர்’ ஆய்வின் முடிவு கொஞ்சம் கசக்கும். கண்முன் விழுங்கியவர்களில் 87.2 சதவீதம் முடித்தார்கள். வீட்டில் தானே போட்டவர்களில் 74.0, செய்தியும் சேர்த்தபோது 76.4. வீட்டிலிருக்கும் இன்னொருவர் மாத்திரை நாளைத் தெரிந்து வைத்திருப்பது செய்தியைவிடப் பலனுள்ளது என்பது எங்கள் கணிப்பு.

மூன்று மாதமும் முடியாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. அதே இரண்டு மருந்தையும் தினமும் ஒரு மாதம் எடுப்பது (2019-ல் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு), ரிஃபாம்பிசின் மட்டும் நான்கு மாதம் எடுப்பது (2018). வீட்டு நோயாளிக்குப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் (ஐசோனியாசிடுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் அடங்காதது) என்றால் இவை எதுவும் உதவாது. அங்கே லெவோஃப்ளாக்சாசின் தினமும் ஆறு மாதம். வியட்நாமிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2024-ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளும் தனித்தனியே உறுதியான முடிவு தரவில்லை. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது நோய் ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது தெரிந்தது. அதனால் நோயாளியின் மருந்து எதிர்ப்புப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் வீட்டாருக்கு 3எச்.பி. எழுதக் கூடாது.

பன்னிரண்டாவது வேளைக்குப் பிறகு மறுபடி மான்டூவோ இக்ராவோ செய்ய வேண்டாம். சிகிச்சை பலித்திருந்தாலும் அவை பாசிட்டிவாகவே இருக்கலாம், வீண் கலவரம்தான் மிஞ்சும். என்ன மருந்து, எத்தனை வேளை, எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுதி வாங்கி எக்ஸ்ரேயோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போதாவது இருமல் இரண்டு வாரம் தாண்டினால், ‘நான்தான் மாத்திரை போட்டுவிட்டேனே’ என்று இருந்துவிடாமல் அந்தச் சீட்டோடு சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.