தலையைத் தூக்கி இறக்கினாலும் போதும்

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் முன்னால் 14 வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். போன ஆடியில் பின்கழுத்தில் பிடித்த வலி தோள்பட்டை வரை இறங்கியது. மாமியார் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார். அன்றிரவு தூங்கினேன், காலையில் வலி திரும்பிவிட்டது.

அவிநாசியில் பிசியோதெரபி செய்யும் அக்கா முதலில் சொல்லித்தந்தது எளிமையானது. மல்லாந்து படுத்து, தாடையை உள்ளிழுத்து, தலையை மெல்லத் தூக்கி இறக்க வேண்டும். 20 முறை. அப்புறம்தான் ரப்பர் பட்டையைத் தலையில் மாட்டி, அதை எதிர்த்து இழுப்பது.

எது மேல் என்று தேடிப் படித்தேன். பின்லாந்தில் நாள்பட்ட கழுத்துவலி இருந்த 180 அலுவலகப் பெண்களை ஓராண்டு கவனித்து, 2003-இல் ஓர் ஆய்வு வெளியானது. ரப்பர் பட்டை இழுத்தவர்களுக்குக் கழுத்தை முன்னால் வளைக்கும் வலு 110 சதவீதம் கூடியது. தலையைத் தூக்கி இறக்கியவர்களுக்கு 28 சதவீதம்தான். ஆனால் வலி இரு குழுவிலுமே நன்றாகக் குறைந்தது! மூச்சு வாங்கவைக்கும் ஏரோபிக் பயிற்சியும் நீட்சிப் பயிற்சியும் மட்டும் சொல்லப்பட்ட மூன்றாவது குழுவுக்கு அவ்வளவு குறையவில்லை. இரு குழுவினரும் கையில் எடை தூக்கித் தோளுக்கும் பயிற்சி செய்தார்கள் என்பதை மறக்கக்கூடாது.

எனக்கு வலி குறைய இரண்டு மாதம் பிடித்தது. முதல் வாரம் வலி கூடத்தான் செய்தது. விட்டுவிடாமல் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டேன்.

செக்கிங் டேபிளில் இருக்கும் அக்காவுக்குப் பட்டையென்றால் பயம். நேற்று டீ இடைவேளையில் தலை தூக்குவதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். கை மரத்துப்போகிறது என்றார். முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.