மனப்பாடமாகிப் போன எழுத்துப் பலகை

பத்து வயதில் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. முதலில் வலது கண்ணால் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிவரை படித்தேன். அப்புறம் வலது கண்ணை மூடச் சொன்னார்கள். பலகையில் மேலே இருந்த ஒரே ஒரு பெரிய எழுத்துதான் தெரிந்தது, மற்றதெல்லாம் புகை. ஆனால் இப்போதுதானே எல்லாவற்றையும் படித்தோம்? கடகடவென்று ஒப்பித்துவிட்டேன். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் பலன் 19 வயதில் தெரிந்தது. வலது கண்ணில் மைனஸ் 1.50, இடது கண்ணில் மைனஸ் 6. வலது கண் கண்ணாடி போட்டதும் 6/6 வந்துவிட்டது. இடது கண்ணுக்கு முழுப் பவரும் வைத்தாலும் 6/36தான். அதாவது நல்ல பார்வை உள்ளவர் 36 மீட்டரிலிருந்து படிப்பதை நான் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். "இது சோம்பேறிக் கண். எட்டு வயசுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

34 வயதில் திடீரென்று ஞானம் வந்து கண் பயிற்சியில் இறங்கினேன். உள்ளங்கையால் கண்ணைப் பொத்துவது, கட்டைவிரலைக் கிட்டே கொண்டுவந்து எட்டக் கொண்டுபோவது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நடமாடுவது. சூரியனைப் பார்க்கும் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருந்தது. நல்லவேளை, அதைத் தொடவில்லை, விழித்திரை வெந்துபோகும். சுவரில் ஓர் எழுத்துப் பலகையை ஒட்டி வைத்துத் தினமும் பார்த்தேன். ஐந்து மாதத்தில் கண்ணாடி இல்லாமலேயே வலது கண்ணால் இரண்டு வரி கூடுதலாகப் படித்தேன். பவர் இறங்கிவிட்டது என்று நம்பி வேறொரு கண் டாக்டரிடம் போனேன், பாராட்டு வாங்கத்தான்.

கண்மணியை விரித்து, குவிக்கும் தசையையும் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். வலது மைனஸ் 1.50, இடது மைனஸ் 6.50. இறங்கவே இல்லை. அப்படியானால் அந்த இரண்டு வரி? வேறு எழுத்துகள் உள்ள பலகையைக் காட்டினார். ஒரு வரி அங்கேயே காணாமல் போனது. பத்து வயதில் பள்ளியை ஏமாற்றியவன் 34 வயதில் தன்னையே ஏமாற்றியிருக்கிறேன். மிச்சம் ஒரு வரி நிஜம்தான் என்றார். மங்கலாகவே பார்த்துப் பழகினால், மங்கலை வைத்தே உருவத்தை ஊகிக்க மூளை கொஞ்சம் கற்றுக்கொள்ளுமாம். ஆனால் கண்ணில் ஒன்றும் மாறுவதில்லை.

அப்புறம் கண்ணின் நீளத்தை அளந்தார். வளர்ந்தவர்களுக்குச் சராசரியாக 24 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். எனக்கு வலது 24.4, இடது 26.3. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (பவரின் அலகு) ஏறும். கணக்கு சரியாக வந்தது. நீண்ட கண் எந்தப் பயிற்சியாலும் சுருங்காது. லேசர் சிகிச்சைகூட கருவிழியைத்தான் செதுக்குகிறது. கண்ணாடி போய்விடும், நீண்டதால் இழுபட்டு மெலிந்த விழித்திரை அப்படியே இருக்கும். சிலருக்குப் பவர் நிஜமாகவே குறைவதுண்டு. கண்ணின் குவிக்கும் தசை இறுகி, இல்லாத கிட்டப்பார்வையைக் காட்டியிருக்கலாம். சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போதும் பவர் ஆடும். சொட்டு மருந்து போட்டும் என் பவர் அசையாததால் தசைக் கதை எனக்கு இல்லை.

"அப்போ ரெண்டுமே போச்சா டாக்டர்?" என்றேன். "கிட்டப்பார்வை கண்ணுல இருக்கு, அதை விடுங்க. சோம்பேறிக் கண் மூளையில இருக்கு, அதைப் பார்க்கலாம்" என்றார். இந்த இரண்டையும் ஒரே நோயாக நினைத்துத்தான் ஐந்து மாதம் உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

எட்டு வயதுக் கெடு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். ஹ்யூபெல், வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடி வைத்து, மூளை அந்தக் கண்ணைக் கைவிடுவதைக் காட்டினார்கள். 1981இல் நோபல் பரிசும் பெற்றார்கள். வளர்ந்த பூனைக்கு அப்படி ஆகவில்லை. அதிலிருந்து, வயது தாண்டினால் மூளை இறுகிவிடும் என்ற முடிவு நிலைத்துவிட்டது. ஆனால் 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முன்பு சிகிச்சையே பெறாத 13 முதல் 17 வயதுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பார்வை முன்னேறியது. என்னைப் போன்ற முப்பது தாண்டியவர்களுக்குச் சான்று அவ்வளவு பலமாக இல்லை என்பதையும் அவரே சொன்னார். எனக்கு மாறுகண் இல்லை, பவர் வித்தியாசம்தான் காரணம், சிகிச்சையும் பார்த்ததில்லை. அதனால் முயன்று பார்க்கலாம், வாக்குறுதி கிடையாது என்றார்.

முதல் வேலை இடது கண்ணுக்குக் காண்டாக்ட் லென்ஸ். ஐந்து டயாப்டர் வித்தியாசத்தில் கண்ணாடி போட்டால் ஒரு கண்ணில் உருவம் சிறிதாகத் தெரியும். இரண்டையும் சேர்ப்பது மூளைக்குக் கஷ்டம். லென்ஸில் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். நான்கு மாதம் லென்ஸ் போட்டதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. 6/36 இருந்தது 6/24 ஆனது. சும்மா இருந்ததற்கே ஒரு வரி!

பிறகுதான் பயிற்சி. தினமும் இரண்டு மணி நேரம் வலது கண்ணை மறைத்துப் படிப்பது. அதோடு, சிவப்பு பச்சைக் கண்ணாடி போட்டுக் கணினியில் ஒரு விளையாட்டு. நல்ல கண்ணுக்குப் போகும் படத்தை மங்கலாக்கி, இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் ஆட்டம் நடக்கும்படி அமைத்திருப்பார்கள். எழுதும்போது சுவாரசியமாக இருக்கிறது; நிஜத்தில் தலைவலியும் கொட்டாவியும்தான்.

ஆரம்பத்தில் அதே கண்ணாடியோடு நான்கு விளக்குச் சோதனை செய்தார்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் நான்கு தெரிய வேண்டும். எனக்கு இரண்டு சிவப்பு விளக்குதான் தெரிந்தது. இடது கண் பார்ப்பதை மூளை அப்படியே தள்ளிவிடுகிறது என்று அர்த்தம். பயிற்சியின் மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம் வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரம். கண்ணைக் கசக்கினேன், இரண்டுதான். மறுநாள் சோதனையில் ஐந்து விளக்கு. நான் பயந்ததைவிட டாக்டர் யோசித்ததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒதுக்குவதை மூளை நிறுத்திவிட்டுச் சேர்க்கவும் கற்காமல் போனால் இரட்டைப் பார்வை நிலைத்துவிடலாம். பெரியவர்கள் தாங்களாகக் கண்ணை மறைத்துப் பயிற்சி செய்யக் கூடாது என்பது இதனால்தான். மறைப்பதை உடனே நிறுத்தினார். மூன்று வாரம் தவித்தேன். நான்காவது வாரம் நான்கு விளக்கு தெரிந்தது.

பதினோராவது மாதம் ஒரு தனிக் கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பெரிய ஈயின் படத்தைக் காட்டி, இறக்கையைப் பிடிக்கச் சொன்னார். முதல் தடவை அது வெறும் காகிதம். இந்த முறை விரல்கள் காகிதத்துக்கு மேலே காற்றில் நின்றுவிட்டன. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அருவருப்பும். அடுத்த பக்கத்தில், ஆழம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் வட்டங்களில் மூன்றாவதோடு என் ஆழப் பார்வை தீர்ந்துபோனது.

அதற்கப்புறம் ஏழு மாதமாக இடது கண் 6/18இலேயே நிற்கிறது. ஒற்றை எழுத்தைக் காட்டினால் 6/12 வரை வருகிறது. வரிசையாக வைத்தால் பக்கத்து எழுத்துகள் நெருக்கிக் குழப்பிவிடுகின்றன. சோம்பேறிக் கண்ணின் குணம் அது. பவர் இன்றும் மைனஸ் 6.50. வருடத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைக் காட்டுகிறேன். எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்றை லென்ஸுக்கு மேலேயும் போட்டுக்கொள்கிறேன். பயிற்சியில் இரண்டு நாள் விடுபட்டால் ஒன்றும் சொல்லாத டாக்டர், அந்தக் கண்ணாடி இல்லாமல் போன ஒரு நாள் மட்டும் நன்றாகத் திட்டினார்: "உங்களுக்கு நல்ல கண்ணு ஒண்ணுதான் இருக்கு."