கால் கிடைக்குமா, கால்?

வீட்டிலேயே தோல் ஷூ தைக்கச் சொல்லித்தருகிறவர்கள் எல்லோரும் தோலில்தான் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை மில்லிமீட்டர் தடிமன், எந்த ஊசி, எந்த நூல் என்று நீட்டி முழக்குவார்கள். காலுக்கு எங்கே போவது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை.

முதலில் வேண்டியது கால்தான். அதுவும் சாயங்காலக் கால். பகலெல்லாம் நடந்து லேசாக வீங்கியிருக்கும்போது அளவெடுத்தால்தான் ஷூ பிறகு கடிக்காது. ஆள் இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நிற்கவேண்டும். சார்ட் பேப்பரில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு இழுக்கவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு பாதமும் ஒரே அளவு இருக்காது என்பதால் இரண்டையும் வரையவேண்டும். நம் காலை நாமே வரையலாம் என்றால், குனிந்ததுமே எடை மாறிப் பாதத்தின் வடிவமும் மாறிவிடும். ஆக, அடுத்தவர் காலைப் பிடித்துத்தான் ஆகவேண்டும். நம் குடும்பங்களில் அது சும்மா நடக்கிற காரியமா?

அப்பத்தாவிடம்தான் முதலில் போனேன். கொடைக்கானல் குளிரில் குதிகால் வெடித்து, எந்தக் கடைச் செருப்பும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. நான் பென்சிலோடு குனிந்ததுதான் தாமதம், தலையில் கை விழுந்தது. "நல்லா இருய்யா, மகராசனா இரு." அளவெடுக்கத்தான் வந்தேன் என்று சொல்வதற்குள் எழுந்து போய்த் திருநீறும் பத்து ரூபாய்த் தாளும் எடுத்து வந்துவிட்டது. விளக்கிச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்தேன். மறுபடி ஆசீர்வாதம். கோடு மட்டும் விழவில்லை.

மச்சினன் வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்தான். அவன் காலைத் தொடப்போனதும், "ஐயோ மாமா, என்ன மாமா இது!" என்று கட்டில்மேல் ஏறிக்கொண்டான். பெரியவர் காலைத் தொட்டால் ஆசி, சின்னவர் காலைத் தொட்டால் பாவம். செருப்பு தைக்க நினைக்கிறவனுக்கு இடையில் ஒரு வயது வேண்டாமா?

கடைசியில் சிக்கியது மனைவி. வீட்டுக்குள் கரண்ட் இல்லை, ஜன்னலெல்லாம் மேகம். வாசலில்தான் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அவள் திண்ணைமேல் நிற்க, நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வரைய ஆரம்பித்தேன். உள்ளங்கால் வளைவுக்குப் பென்சில் வந்தபோது கூச்சம் தாங்காமல் சிரித்தாள். "அசையாதே" என்று கெஞ்சிக்கொண்டிருந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா பால் தூக்கோடு வந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். கேட்டிருந்தால் நல்லது.

மறுநாள் காலை மூஞ்சிக்கல்லில் டீ குடிக்கப் போனேன். கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே, "சமாதானம் ஆயிருச்சா சார்?" என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர், காலில் விழுந்தால் மட்டும் போதாது, கூடவே பூவும் வாங்கிப்போகவேண்டும் என்று அனுபவம் பேசினார். எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், நீயாவது அந்த அக்காவிடம் விஷயத்தைச் சொல்லேன் என்றேன். "சொல்லலாம், என்ன அவசரம்?" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

சரி, தோலுக்கு வருவோம். தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பேர்போன திண்டுக்கல் மலைக்குக் கீழேயே இருக்கிறது. அங்கே குரோம் தோலா, பட்டை போட்ட தோலா என்று கேட்டார்கள். குரோம் உப்பில் பதனிட்டது மெத்தென்று இருக்கும், ஈரத்துக்கும் தாங்கும், ஆனால் நனைத்து வடிவம் பிடிக்க வைப்பது கஷ்டம். மரப்பட்டையில் பதனிட்டது நனைந்தால் சொன்ன பேச்சுக் கேட்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தொழில் இது. அப்புறம் வாட்டில் பட்டையும் சேர்ந்துகொண்டது. எங்கள் மலையில் மண்டிக்கிடக்கும் அதே ஆஸ்திரேலிய வாட்டில்தான். பட்டைக்காக நட்டார்கள், அது புல்வெளியையெல்லாம் தின்றுகொண்டு நிற்கிறது.

பட்டைத் தோலையே வாங்கிச் சுருட்டி பஸ்ஸில் ஏறினேன். தோல் விறைக்காமல் இருக்க மீன் எண்ணெய் ஏற்றுவதுண்டு. அது வத்தலக்குண்டு தாண்டி முதல் வளைவிலேயே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. "கருவாடு யாருங்க வச்சிருக்கது? மேல தூக்கி வைங்க" என்று கண்டக்டர் கத்தினார். உண்மையிலேயே கருவாட்டுக் கூடையோடு வந்த ஒரு அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது என் கருவாடு இல்ல. என் கருவாட்டு வாசம் எனக்குத் தெரியாதா?" பெருமாள்மலை வரை அவர் தன் சரக்கின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் வழியாக இயற்கையை ரசித்தேன்.

மாதிரிக்கு நான் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 5500 ஆண்டுப் பழைய ஷூ. அர்மீனியாவில் அரேனி குகையில் 2008-ல் கிடைத்தது. வலது கால் மட்டும்தான். ஒரே துண்டு மாட்டுத்தோலைக் காலைச் சுற்றி வளைத்து, முன்னும் பின்னும் தோல்வாரால் கோத்து இழுத்திருக்கிறார்கள். உள்ளே புல் திணித்திருந்தது. குகையின் வறண்ட குளிரும், மேலே கெட்டியாக மூடிக்கிடந்த ஆட்டுப் புழுக்கையும்தான் அதை இத்தனை காலம் கெடாமல் காத்தன என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மற்றவர்கள் சாப்பாட்டைப் பார்த்தார்கள். அப்பத்தா மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டது.

இந்த வேலையில் எனக்கு ஆகப் பிடித்தது தையல். சாப்பாட்டு முள்கரண்டியைத் தோலின் ஓரத்தில் அழுத்திக்கொண்டே போனால் ஒரே இடைவெளியில் புள்ளிகள் விழும். ஒவ்வொரு புள்ளியிலும் குத்தூசியால் துளை. நூல் ஒன்றுதான், அதன் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. ஒரே துளைக்குள் ஒன்று இந்தப் பக்கமிருந்தும் மற்றது அந்தப் பக்கமிருந்தும் நுழைந்து கடந்து போகவேண்டும். இப்படித் தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் பிரியாது. மிஷின் தையலுக்கு இந்த உறுதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய தேன்மெழுகுக் கட்டியில் நூலை இழுத்தால் கிறீச்சிடும், விரல் நுனியெல்லாம் தேன் வாசம். இரண்டு கையையும் விரித்து இழுக்கும்போது நூல் தோலுக்குள் புதைந்து உட்காரும் பாருங்கள், அந்த ஒரு கணத்துக்காகவே விரலில் நாலு குத்து வாங்கலாம்.

தைத்து முடித்ததும் தண்ணீரில் போட்டேன். தோல் குமிழ் குமிழாக விடும். குமிழ் நின்றதும் எடுத்து, சாக்ஸ் போட்ட காலில் மாட்டிக் கொஞ்ச நேரம் நடந்தால் ஷூ அந்தக் காலுக்கே உரியதாகிவிடும். குளிரில் ஈர ஷூவோடு வீட்டுக்குள் நடந்த மனைவி சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத இடமில்லை. அப்புறம் நிழலில் தானாகக் காயவேண்டும். "பச்சப்புள்ள கணக்கா நனைஞ்சு கெடக்கே" என்று இரக்கப்பட்ட அப்பத்தா, ராத்திரி விறகடுப்பு ஓரமாக எடுத்து வைத்துவிட்டது. ஈரத்தோலுக்குச் சூடு ஆகவே ஆகாது. காலையில் பார்த்தால் சுட்ட அப்பளம் போல் சுருண்டு கிடந்தது.

மிச்சத் தோலில் அடுத்த ஜோடி தைத்து, அப்பத்தாவுக்கு எட்டாத ஆணியில் மாட்டினேன். ஐப்பசி மழை. ஒரு வாரம் வெயில் தலைகாட்டாததில் தோல்மேல் பச்சையாகப் பூசணம் பூத்தது. அப்பத்தா அண்ணாந்து பார்த்துச் சொன்னது: "அதான் நீயே சொன்னியே, புழுக்கைக்குள்ள போட்டுவைன்னு. பக்கத்து வீட்டுல ஆடு நிக்குது, கேட்டுட்டு வரவா?" பழைய துணியில் வினிகர் தொட்டுத் துடைத்துக் காயவிட்டேன். எண்ணெய் போடலாம் என்றால் எங்கள் ஊர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை விட்டு இறங்காது. விளக்கெண்ணெயில் தேன்மெழுகைச் சூடாக்கிக் கரைத்து, ஆறியதும் தேய்த்தேன். நிறம் கொஞ்சம் இருண்டு பார்க்க நன்றாகவே இருந்தது.

மனைவி அதைப் போட்டுக்கொண்டுதான் சந்தைக்குப் போனாள். காய்கறி வாங்கியதைவிடக் காலைக் காட்டியதுதான் அதிகம் என்று கேள்வி.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டு அக்கா வந்தார். அவருக்கு இடது பெருவிரல் பக்கம் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும், கடை ஷூ எதுவும் சேராது. பின்னாலேயே அவர் வீட்டுக்காரர், டீக்கடை பெஞ்சில் குலுங்கியவர். நான் சார்ட் பேப்பரை விரித்துப் பென்சிலோடு குனியப் போனேன். அக்கா காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ஐயோ தம்பி, நீங்க வேணாம். எப்படி வரையணும்னு மட்டும் இவருக்குச் சொல்லுங்க."

பென்சில் கை மாறியது. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். அக்கா தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் வாசப் பக்கமா தள்ளி உக்காருங்க. இங்க வெளிச்சமே இல்ல."